ஒரு கொத்து அரிசி

குடும்ப நிர்வாகத்தைப் பற்றி நம் தாய்மார்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் முதல் தேதியன்று கைக்கு வரும் தொகையை மளிகைக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, குழந்தைகளின் படிப்புக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்துவிடுகிறார்கள். இருபதாம் தேதி வாக்கில் பண முடை ஏற்பட்டால் எதைக் குறைக்கிறார்கள்? புதுப் புடவை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப் போகும். காப்பியில் பால் குறையும். தங்களுடைய சாப்பாட்டைக்கூடப் பேசாமல் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் குழந்தையின் சோற்றில் மட்டும் கை வைக்கமாட்டார்கள்.

தேசத்தின் வரவு செலவைப் பார்க்கும் நிதி மந்திரிக்கும் இதே மாதிரியான சங்கடம் வருஷா வருஷம் ஏற்படுகிறது. ஆனால் முடை நேரும்போது அவருடைய கண்ணில் முதல் முதலாகப் படுவது, பெரும்பாலும் ஏழையின் சோறாகவே இருக்கிறது. இதற்குக் காரணம் என்ன? மந்திரிகள் எல்லோரும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது உண்மையாயிராது.

உலகத்தார் லிபரல் என்று சொல்லும் அரசியல்வாதிகளை நமது பழைய பத்திரிகைகள் மிதவாதிகள் என்று எழுதி வந்தன. சட்டத்துக்கு மரியாதை, சொத்துக்குப் பாதுகாப்பு, வியாபாரத்துக்குச் சுதந்திரம், தேர்தல் வழியாக ஆட்சி, எந்தச் சீர்திருத்தத்தையும் படிப்படியாகச் செய்தல் ஆகியவை அவர்களுடைய கொள்கைகள். பெரும்பாலும் படித்தவர்கள், கண்ணியமானவர்கள், ஏழைகளிடம் இரக்கம் உள்ளவர்கள். பணக்கார தேசத்தில் இந்தக் கொள்கைகளுடன் ஆட்சி நடத்துவது அவ்வளவு பிரயாசை அல்ல. பொக்கிஷத்தில் பணம் குறைவாகவும், வோட்டர்களில் பெரும்பாலோர் ஏழைகளாகவும் இருக்கும் ஒரு புதிய ஜனநாயகத்தில் மிதவாதி என்ன செய்வார்?

இதைத் தெரிந்துகொள்ள நாம் வெகு தூரம் போக வேண்டாம். பாக் ஜலசந்தியைத் தாண்டினால் போதும். இலங்கைத் தீவில் இந்தப் பரீட்சை 1931-ஆம் வருஷம் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. அந்தப் பரீட்சையின் வினாத்தாள் ஒரு கொத்து அரிசி.

வோட்டும் சோறும்

1931-க்கு முன்னால் இலங்கை ஜனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் வோட்டு இருந்தது. டொனமூர் பிரபுவின் தலைமையில் வந்த கமிஷன், வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வோட்டுக் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. பிரிட்டனிலேயே ஆண்களோடு சமமான வோட்டுரிமை பெண்களுக்கு 1928-ல்தான் கிடைத்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலங்கைத் தலைவர்களில் பலர் இந்தச் சிபாரிசைக் கேட்டுத் திடுக்கிட்டார்கள். அவர்கள் வேண்டியது சுயாட்சி. வண்டிக்காரனுக்கும் வயலில் நாற்று நடுகிற பெண்ணுக்கும் வோட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. சர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்கள் பகிரங்கமாகவே எதிர்த்தார்கள். தொழிலாளர் தலைவர் குணசிங்கா போன்ற சிலரே மனப்பூர்வமாக வரவேற்றார்கள். கமிஷனோ தன் கட்சிக்கு ஒரு நல்ல காரணம் சொல்லிற்று. அந்தத் தீவில் தொழிலாளரைக் காக்கும் சட்டங்கள் பின்தங்கிக் கிடந்தன. ஏழைகளின் துயர் தீர்க்கும் ஏற்பாடுகள் இல்லை. அவை யாருக்குத் தேவையோ, அவர்களுக்கு வோட்டு இல்லாததே இதற்குக் காரணம் என்று கமிஷன் கண்டது.

அடுத்த சில வருஷங்களில் இந்த வார்த்தை பலித்தது. 1934, 1935-ஆம் வருஷங்களில் இலங்கையில் மலேரியா ஜுரம் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொள்ளை கொண்டது. சீமையில் படித்துத் திரும்பிய இளைஞர்கள் சிலர் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார்கள். அந்த இளைஞர்களே 1935-ஆம் வருஷக் கடைசியில் சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். மறு வருஷம் நடந்த தேர்தலில் அவர்களில் இருவர், என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும், சட்ட சபைக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஏழையை மறந்தால் ஏழை நம்மை மறந்துவிடுவான் என்பது அன்று முதல் மிதவாதிகளுக்கு நன்றாக விளங்கிற்று.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. இலங்கையின் அடுப்பில் கொதித்த அரிசியில் பெரும் பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. ஆகையால் சர்க்கார் அரிசியைப் பங்கிட்டுக் கொடுக்க முன்வந்தார்கள். பணக்காரன் ஏழை என்ற பேதம் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் கூப்பன் கிடைத்தது. யாழ்ப்பாணத் தமிழர் அதைக் கூப்பன் அரிசி என்றார்கள். அளக்கும் படிக்குக் கொத்து என்று பெயர். ஒரு கொத்து அரிசி சுமார் இரண்டு ராத்தல் நிறுக்கும். யுத்தம் முடிந்துவிட்டது, கூப்பன் முடியவில்லை. வோட்டுள்ள ஜனங்கள் ஒரு நல்ல வழக்கத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பார்களா?

ஏணி கொடுத்தவர்

மிதவாதிகள் தாமாக மனம் விரும்பிச் செய்த மகத்தான காரியம் ஒன்று உண்டு. கல்வி மந்திரியாக இருந்த ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1940-ல் ஒரு விசேஷக் கமிட்டியைக் கூட்டினார். அதன் அறிக்கை 1943-ல் வெளிவந்தது. 1945-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் வரையில் இலவசக் கல்வி என்று ஏற்பட்டது. கட்டணம் வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தியவர்களிடமிருந்து கடுமையான எதிர்ப்புக் கிளம்பியும் அவர் பின்வாங்கவில்லை.

கல்வி விஷயத்தில் மிதவாதிகள் தாராளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்வி ஓர் ஏணி. ஏணியைச் சாத்திக் கொடுத்துவிட்டால், ஏறுவது அவரவருடைய முயற்சியைப் பொறுத்தது. சொத்துள்ளவனின் சொத்து அப்படியே இருக்கிறது. ஏழையின் மகனுக்கும் வழி பிறக்கிறது. இது அவர்களுடைய கொள்கைக்கு முற்றிலும் உகந்தது. நிலத்தைப் பற்றி டி. எஸ். சேனநாயக்கா கொண்டிருந்த நோக்கமும் இத்தகையதே. காடு திருத்தி, குளங்களைப் புதுப்பித்து, குடியானவனுக்குச் சொந்த நிலம் கொடுத்துவிட்டால் அவன் தன் காலில் நிற்பான் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் அரிசி அப்படியல்லவே! இன்று கொடுத்தால் நாளைக்கும் பசிக்கும். ஆகவே, பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் செலவை முதலீடு என்றும், அரிசிக்குச் செய்யும் செலவை விரயம் என்றும் கருதும் மனப்பான்மை மிதவாதியின் உள்ளத்தில் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் பட்ஜெட்டில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன.

இதில் ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். இலவசக் கல்வி கொடுத்த கன்னங்கரா 1947-ஆம் வருஷத் தேர்தலில் தோற்றுப் போனார். உரிமையாக வந்துவிட்ட ஒன்றுக்கு ஜனங்கள் தினமும் வந்தனம் சொல்வதில்லை. தகப்பனார் போட்ட சோற்றுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

இவற்றால் விளைந்த நன்மை கண்கூடு. 1946-ல் அந்தத் தீவில் பிறந்த குழந்தைக்குச் சராசரி ஆயுள் சுமார் 43 வருஷம். 1971-ல் சுமார் 65 வருஷம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1946-ல் நூற்றுக்கு 58 பேர்; 1971-ல் 78 பேர். டி.டி.டி. மருந்து தெளித்து மலேரியாவை ஒடுக்கியது, இலவச வைத்தியம், கிராமத்து மருத்துவச்சிகள், பெண் கல்வி, கூப்பன் அரிசி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பொருளாதார நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை ஏழ்மையான தேசத்தில் அவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு ஆயுள் நீண்டது அபூர்வம் என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

இருபத்தைந்து சதமும் எழுபது சதமும்

1948-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி இலங்கை சுதந்திரம் அடைந்தது. கொரியா யுத்தத்தின்போது ரப்பர் விலை ஏறிப் பொக்கிஷம் நிரம்பியது. பிறகு ரப்பர் விலை விழுந்தது. அரிசி விலையோ உலகச் சந்தையில் உயர்ந்தது. வெளியில் அதிக விலைக்கு வாங்கி, உள்ளே கொத்து 25 சதத்துக்குக் கொடுப்பதில் சர்க்காருக்குப் பெரும் நஷ்டம் ஏற்பட்டது. இந்தக் கஷ்டம் பொய்யல்ல. நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா 1953-ஆம் வருஷ பட்ஜெட்டில், அரிசி விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிக் குழந்தைகளின் இலவச மத்தியான உணவையும் நிறுத்தினார். ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. முந்தின வருஷம் நடந்த தேர்தலில் 25 சத அரிசிக்கு ஆபத்து வராது என்று நம்பி வோட்டுப் போட்ட ஜனங்கள் பிரமித்துப் போனார்கள்.

ஆகஸ்டு 12-ஆம் தேதி ஹர்த்தால். இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன. அக்கட்சிகளை ஒரு நாளும் நம்பாதவர்கள்கூடச் சேர்ந்துகொண்டார்கள். கடைகள் அடைபட்டன, ரயில் பாதைகள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் மாண்டன. கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ‘நியூபவுண்ட்லாந்து’ என்னும் பிரிட்டிஷ் போர்க் கப்பலில் மந்திரி சபை கூடியது! சுதந்திரம் பெற்ற ஐந்தாவது வருஷத்தில், தம் சொந்த ஜனங்களுக்கு அஞ்சி மந்திரிகள் அந்நியக் கப்பலில் ஏறி ஆலோசனை நடத்தியதைக் காட்டிலும் மிதவாதத்துக்கு நேர்ந்த பெரிய மானக்கேடு வேறு என்ன வேண்டும்?

பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா மென்மையான சுபாவம் உடையவர். மாண்டவர்களின் நினைவு அவர் மனத்தை வாட்டியது. தேக நலமும் குன்றியது. அக்டோபர் மாதத்தில் ராஜினாமாச் செய்தார். அவருக்குப் பின் வந்த சர் ஜான் கொத்தலாவலை அரிசி விலையைக் குறைத்தார். ஆயினும் 1956-ஆம் வருஷத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு மிஞ்சியவை எட்டே ஸ்தானங்கள். மொழிப் பிரச்னையும் பிறவும் அத்தோல்விக்குக் காரணங்களாயின; எழுபது சதத்தையும் ஜனங்கள் மறந்துவிடவில்லை.

இதிலிருந்து கட்சிகள் எல்லாம் ஒரு பாடம் கற்றன. 1962-ல் வேறொரு கட்சியின் நிதி மந்திரி, பிலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா, அரிசிப் பங்கீட்டைக் குறைக்க யோசனை சொன்னார். பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1966-ல் டட்லி சேனநாயக்கா மீண்டும் பிரதம மந்திரியாய் இருந்தபோது, 25 சதத்துக்குக் கொடுத்த இரண்டு கொத்தை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒரு கொத்தை இனாமாகவே கொடுத்தார். சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் 1970-ஆம் வருஷத் தேர்தலில், சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டு வந்து இரண்டாவது கொத்தையும் கொடுப்போம் என்று எதிர்க் கட்சியார் சொன்னதாக இன்றும் அங்கே பேசிக்கொள்கிறார்கள். எதிர்க் கட்சியே ஜயித்தது.

சந்திரனில் அரிசி விளையவில்லை. 1973-ல் உலகம் முழுவதும் எண்ணெய் விலையும் தானிய விலையும் கிடுகிடுவென்று ஏறியபோது, அந்தச் சர்க்காரும் பங்கீட்டைக் குறைத்தது. அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் யார் தெரியுமா? 1953-ஆம் வருஷ ஹர்த்தாலை நடத்திய தலைவர்களில் ஒருவரான என். எம். பெரேரா! கணக்குப் புத்தகம் எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும் கூட்டல் கழித்தல் மாறுவதில்லை. மிதவாதிகள் இதை ஓயாமல் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த மட்டில் அவர்கள் சொன்னது நியாயமே.

முத்திரையின் கதை

1977-ல் ஜே. ஆர். ஜயவர்த்தனா மகத்தான வெற்றியோடு திரும்பி வந்தார். 168 ஸ்தானங்களில் 140 அவருடைய கட்சிக்குக் கிடைத்தன. இருபத்து நாலு வருஷத்துக்கு முன் எழுபது சதத்தால் சுட்டுக்கொண்ட அதே மனிதர் இம்முறை வேறு வழியில் சென்றார்.

வியாபாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வருஷக் கணக்காகக் காணாத சாமான்கள் கடைகளுக்கு வந்தன. மகாவலி அணைக்கட்டு வேலைகளில் ஆயிரக் கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. கியூவில் நின்று அலுத்த ஜனங்களுக்கு இவை பெரிய ஆறுதல். அதே சமயத்தில், 1978-ஆம் வருஷ ஆரம்பத்தில், மாதம் 300 ரூபாய்க்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே பங்கீடு என்று விதி ஏற்பட்டது. ஜனத்தொகையில் சுமார் பாதி விலக்கப்பட்டது. 1979 செப்டம்பரில் அரிசிக் கூப்பனுக்குப் பதிலாக ‘உணவு முத்திரை’ வந்தது. கூப்பன் என்பது இத்தனை கொத்து அரிசி; முத்திரை என்பது இத்தனை ரூபாய்.

இந்த வித்தியாசம் பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். கொத்து என்றைக்கும் கொத்துதான், ரூபாய் அப்படியல்ல. விலைவாசி ஏற ஏற, முத்திரையில் அச்சிட்ட எண் அப்படியே இருக்க, அதற்குக் கிடைக்கும் அரிசி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மூன்று வருஷத்துக்குள் அதன் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகக் கரைந்துவிட்டது. புதிய பெயர்களைப் பதிவு செய்வதும் நிறுத்தப்பட்டது. 1970-களின் மத்தியில் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்காக இருந்த உணவு மானியம், 1984-ல் ஒன்றரைப் பங்குக்கும் கீழே இறங்கியது. எல்லாரிலும் ஏழையானவர்களின் வீட்டில் உணவின் அளவு குறைந்ததைப் பிற்கால ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டின.

1953-ல் ஒரே நாளில் விலையை உயர்த்தியபோது தேசம் கொந்தளித்தது. 1979-க்குப் பின் மாதம் மாதமாகக் கரைந்தபோது அரிசிக்காக ஒரு ஹர்த்தால் எழவில்லை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலையை இழந்தார்கள். 1982 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது, ஜயவர்த்தனாவே வென்றார். பார்லிமெண்டுத் தேர்தலோ அவ்வருஷ டிசம்பரில் நடந்த ஒரு ஜன வாக்கெடுப்பினால் ஆறு வருஷம் தள்ளிப் போயிற்று.

ஆனால் மௌனத்துக்கு இவை மட்டும் காரணமல்ல. பாதிப் பேருக்கு நின்று போனவுடன், அந்தப் பாதிப் பேருக்கு அரிசியின் பேரில் இருந்த அக்கறையும் நின்று போயிற்று. கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், மந்திரியின் காரியதரிசியைத் தெரிந்தவர்கள், சங்கம் வைத்துத் தீர்மானம் போடக் கூடியவர்கள் யாவரும் அந்தப் பாதியில் இருந்தார்கள். கூப்பன் காலத்தில் அவர்கள் வீட்டு வேலைக்காரியும் அவர்களும் ஒரே கடையில் ஒரே அரிசி வாங்கினார்கள். புழுத்த அரிசி வந்தால் இரண்டு வீட்டிலும் கூச்சல் எழுந்தது. முத்திரை வந்த பிறகு கூச்சல் ஒரு வீட்டில்தான். அதுவும் காதில் விழாத வீட்டில்.

இலவசக் கல்வியின் கதியைப் பாருங்கள். அதே ஜயவர்த்தனா ஆட்சியில் அதற்கு ஆபத்து வரவில்லை. சர்க்கார்ப் பள்ளிக்கூடமும் பல்கலைக் கழகமும் இன்றும் அங்கே கட்டணமில்லாமல் நடக்கின்றன. காரணம் எளிது. டாக்டரின் மகனும் தச்சரின் மகனும் அந்த ஏணியில்தான் ஏறுகிறார்கள். எல்லோருக்கும் உரிய பொருளைக் காக்க எல்லோரும் வருகிறார்கள். ஏழைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிய பொருளைக் காக்க ஏழையைத் தவிர வேறு யார் வருவார்கள்?

விடுபட்டவர்கள்

இந்தச் சரித்திரத்தில் தமிழ் மக்களாகிய நமக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து போய் மலைநாட்டில் கோப்பியும் தேயிலையும் பயிரிட்டவர்களின் சந்ததியார், இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பகுதியைத் தங்கள் கைகளால் ஈட்டிக் கொடுத்தார்கள். இலவசக் கல்விக்கும் மலிவு அரிசிக்கும் பணம் தேயிலையிலிருந்து வந்தது என்றால் மிகையல்ல. 1947-ஆம் வருஷத் தேர்தலில் அவர்களுக்கு வோட்டு இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அங்கத்தினர்கள் பார்லிமெண்டுக்குச் சென்றார்கள். 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு வருஷத்துச் சட்டங்களும் அந்த வோட்டைப் பறித்தன. 1952-ஆம் வருஷத் தேர்தலில் அந்தக் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடச் சபைக்குப் போகவில்லை. இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தவர்கள், சட்டத்துக்கு மரியாதை பேசிய அதே மிதவாதிகள்.

வோட்டுப் போன இடத்தில் மற்றவையும் போயின. கன்னங்கராவின் ஏணி லயத்தின் வாசல் வரையில் வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டத் துரைமார்களின் பொறுப்பில் விடப்பட்டன. சர்க்கார் அவற்றை ஏற்றுக்கொண்டது 1970-களில்தான். 1974-ல் உணவு நெருக்கடி முற்றியபோது மரண விகிதம் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் மிக அதிகமாக உயர்ந்தது. கிராமத்தானுக்குக் கொல்லையில் ஒரு பலாமரமாவது இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு உப்பு முதல் அரிசி வரை யாவும் விலைக்கு வர வேண்டும்.

1979-ல் ஏழைகளைப் பொறுக்கி எடுத்தபோது நேர்ந்ததும் கவனிக்கத் தக்கது. கிராமத்தில் வருமானம் என்பது சொல்வதைப் பொறுத்தது. தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ செக்ரோலில் சதம் தவறாமல் பதிவாகியிருந்தது. புருஷனும் மனைவியும் கொழுந்துக் கூடை சுமந்தால் 300 ரூபாய் வரம்பைத் தாண்டிவிடும். பத்தடி அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் குடும்பம் கணக்கின்படி ஏழையல்ல என்று ஆயிற்று! பொறுக்கி எடுக்கும் முறைகளுக்கெல்லாம் உள்ள பொதுவான குறை இது. காகிதத்தில் ஏழையாக இருக்கத் தெரிந்தவனுக்கே உதவி கிடைக்கிறது.

அந்த மக்களுடைய பிரஜாவுரிமைப் பிரச்னை 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தம், 1988-ஆம் வருஷத்துச் சட்டம் என்று இழுத்துக்கொண்டே போய், 2003-ஆம் வருஷத்துச் சட்டத்துடன்தான் தீர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல்!

பழைய கேள்வி, புதிய பெயர்

அதன் பிறகு திட்டங்கள் பெயர் மாறி மாறி வந்தன. 1989-ல் பிரேமதாசா ஜனசவிய என்ற திட்டத்தைத் தொடங்கினார். தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கொடுத்து, அதில் ஒரு பகுதியைத் தொழிலுக்கு முதலாக்கி, அதற்குப் பின் தன் காலில் நிற்கச் செய்வது நோக்கம். 1990-களின் மத்தியில் சந்திரிகா குமாரதுங்கா அதன் இடத்தில் சமுர்த்தியைக் கொண்டுவந்தார். உள்ளூர்க் கட்சிக்காரரின் சிநேகம் உள்ளவர்களுக்குச் சமுர்த்தி எளிதில் கிடைக்கிறது என்ற புகார் கடைசி வரை ஓயவில்லை.

2019-ஆம் வருஷக் கடைசியில் பதவிக்கு வந்தவர்கள் வரிகளைத் தாராளமாகக் குறைத்தார்கள். பிறகு கொள்ளை நோய் வந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று இலங்கை அறிவித்தது. ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரணில் விக்கிரமசிங்கா, ஜயவர்த்தனாவின் உறவினர். அவருடைய கட்சியின் வாரிசு. 2023 மார்ச்சில் சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் உதவியைப் பெற்றார். அதே வருஷம் ஜூலையில் ‘அஸ்வெசும’ என்ற புதிய திட்டம் ஆரம்பமாயிற்று. குடும்பங்களின் நிலைமையைப் பல அளவுகோல்களால் அளந்து நாலு வகுப்பாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை நேராக பாங்கிக் கணக்கில் செலுத்துவது திட்டம். இடையில் கட்சிக்காரர் கை இல்லாதது பெரிய முன்னேற்றம். ஆனால் பட்டியல் வெளியானதும் ஊர் ஊராகப் பெண்கள் திரண்டு, எங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார்கள். லட்சக் கணக்கில் மேல் முறையீடுகள் குவிந்தன. 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ரணில் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

நமது அபிப்பிராயம்

இந்தத் தொண்ணூறு வருஷச் சரித்திரத்தைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது இது. மிதவாதிகள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். பொக்கிஷம் எவ்வளவு தாங்கும்? உண்மையில் தேவை யாருக்கு? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. இவற்றைக் கேளாமல் வாரி வழங்குகிறவர்கள், சந்திரனில் அரிசி காய்ப்பதாகச் சொல்லிக் கடைசியில் அதே ஏழையைத் தெருவில் நிறுத்துகிறார்கள்.

ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. கொடுப்பது நிலைத்து நிற்பதற்கு யார் காவல்? இந்தக் கேள்வியை மிதவாதிகள் கேட்பதில்லை. ஏழைக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையும், ஏழைக்கு அதிகமாகவும் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு முதல் வருஷத்துக்குச் சரி. ஐந்தாவது வருஷம், விலைவாசி ஏறியிருக்கும்போது, முத்திரையின் மதிப்பை உயர்த்த வேண்டும் என்று எழுந்து பேச சபையில் ஆள் இருக்காது. சிக்கனத்துக்காக வைத்த வேலி, ஏழையைத் தனியே அடைத்து வைக்கும் வேலியாக முடிகிறது. வோட்டே இல்லாதவர்களின் கதி இன்னும் மோசம் என்பதற்கு மலைநாட்டு லயங்கள் சாட்சி.

ஆகையால், எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுக்க முடியாத தேசம், குழந்தையின் பள்ளிக்கூடம், கர்ப்பிணியின் வைத்தியம், பசிக்கு ஒரு வேளைச் சோறு ஆகிய சிலவற்றையாவது எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். தனியாகக் கொடுக்க வேண்டியவற்றை, விலைவாசி ஏறும்போது தானாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். மந்திரியின் கருணையை எதிர்பார்த்து நிற்கும்படி விடலாகாது.

இதில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. ‘வசதியுள்ளவர்களுக்கு எதற்கு? ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?’ என்று நாமும் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு நம் குழந்தைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுவது நமக்குத் தெரிவதில்லை. இலங்கையின் கூப்பன் கடை வாசலில் எஜமானியும் வேலைக்காரியும் ஒரே வரிசையில் நின்ற காலத்தில், அரிசியில் கல் இருந்தால் மந்திரி சபையே ஆட்டம் கண்டது. எஜமானி வரிசையை விட்டு வீட்டுக்குப் போனாள். வேலைக்காரி மட்டும் அங்கே நின்றாள். அவள் பையில் விழுந்த அரிசி மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது.